ரவுட்டர் அடாப்டரை கீபோர்டுக்குப் போடலாமா?

9 ஆகஸ்ட், இரவு 8:10 (கேள்வி, உசிலம்பட்டியிலிருந்து)

அண்ணே, மகளோட கேசியோ கீபோர்டு பழசு. அதோட அடாப்டர் ஒயரை எலி கடிச்சுப் போட்டுருச்சு. கீபோர்டுக்குப் பின்னாடி டிசி 9 வோல்ட்னு இருக்கு. வீட்டுல பழைய வைஃபை ரவுட்டர் அடாப்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, அதுலயும் 9 வோல்ட், 0.6 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு. பின்னைச் சொருகிப் பார்த்தேன், அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உள்ள போகுது. சுவிட்ச் இன்னும் போடல. வோல்ட் ஒண்ணு, பின்னும் ஏறுது, அப்புறம் என்ன யோசனைங்கிறார் மச்சான். பிள்ளை சுதந்திர தினத்துக்கு ஸ்கூல்ல வாசிக்கணும். போட்டுறலாமா?

9 ஆகஸ்ட், இரவு 8:25

போடாதீங்க தம்பி. முதல்ல பின்னைக் கழட்டி வைங்க, யாராவது தெரியாம சுவிட்சைத் தட்டிறப் போறாங்க. கீபோர்டுல பின் சொருகுற ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு சின்னப் படம் இருக்கும். நடுவுல புள்ளி, அதைச் சுத்திப் பிறை மாதிரி அரைவட்டம், ரெண்டு பக்கமும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். புள்ளியில இருந்து கிளம்புற கோடு எதுல போய் முடியுதுன்னு பாருங்க. ரவுட்டர் அடாப்டர் ஸ்டிக்கர்லயும் அதே படம் இருக்கும். ரெண்டையும் பார்த்துட்டுச் சொல்லுங்க.

9 ஆகஸ்ட், இரவு 9:50

பார்த்துட்டுச் சொல்லிட்டீங்க. கீபோர்டுல புள்ளி மைனஸுக்குப் போகுது, ரவுட்டர் அடாப்டர்ல பிளஸுக்குப் போகுது. நான் பயந்தது அதுதான்.

கேசியோவோட பழைய மாடல்கள் பலதுக்கும் வந்த அடாப்டர் ஏடி-5. 9 வோல்ட், 850 மில்லி ஆம்ப்ஸ், நடு மைனஸ், அதாவது பின்னோட உள் ஓட்டையில மைனஸ், வெளிச்சுவர்ல பிளஸ். ரவுட்டர், மோடம், செட்டாப் பாக்ஸ், கேமரா எல்லாம் அநேகமா நடு பிளஸ். பின்னோட வெளி விட்டம் ரெண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர், உள் ஓட்டை 2.1. அதனாலதான் அளவெடுத்த மாதிரி ஏறுது. பின் ஏறுறதுக்கும் மின்சாரம் பொருந்துறதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த ஒரே பின்னுல 5 வோல்ட் அடாப்டரும் இருக்கு, 12 வோல்ட்டும் இருக்கு, 24 வோல்ட்டும் இருக்கு.

திருப்பிக் கொடுத்தா என்ன ஆகும்னு உங்க மச்சான் கேட்டிருக்கார். உள்ள பாதுகாப்புக்கு ஒரு டயோடு, கரண்டை ஒரே பக்கமா மட்டும் விடுற சாமான், வரிசையில போட்டிருந்தா ஒண்ணும் ஆகாது, உயிர் வராம சும்மா இருக்கும். டயோடு இல்லைன்னா கண்டென்சர்ல தலைகீழாக் கரண்ட் ஏறும். உள்ள அடாப்டர் சொருகுற ஓட்டைக்குப் பக்கத்துல உருளையா நிக்குமே, எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், அதுக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. மாத்திக் கொடுத்தா உள்ள சூடாகி, வாயு சேர்ந்து, தலை உப்பி வெடிக்கும். ஐசி அதுக்கும் முன்னாடியே போயிரும். திறந்து பார்க்காம அந்த டயோடு இருக்கா இல்லையான்னு சொல்ல வழியில்லை.

9 ஆகஸ்ட், இரவு 11:15

தூக்கம் வரல. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நானே ஒரு கீபோர்டைக் கொன்னவன்.

திருமங்கலத்துல ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர்க் கடை வச்சிருந்த காலம். அப்ப எல்லாரும் எலிமினேட்டர்னுதான் சொல்லுவோம், பேட்டரியை ஒழிச்சுக்கட்டுற பெட்டிங்கிற அர்த்தத்துல. கனமா ஒரு கறுப்புப் பெட்டி, அதுல 3, 4.5, 6, 7.5, 9, 12னு தள்ளுற சுவிட்ச் ஒண்ணு, பிளஸ் மைனஸ் மாத்துற சின்ன சுவிட்ச் இன்னொண்ணு, ஒயர் நுனியில நாலு விதப் பின் சிலுவை மாதிரி. முளைப்பாரித் திருவிழா அன்னிக்குச் சாயங்காலம் மெல்லிசைக் குழுவுல வாசிக்கிற ஒரு பையன் ஓடி வந்தான். அடாப்டர் போச்சுண்ணே, ராத்திரி கச்சேரின்னான். நான் 9-ல வச்சேன், பின்னைச் சொருகினேன், சுவிட்சைப் போட்டேன். சின்ன சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்க்கல. முந்தின ஆள் வாக்மேனுக்கு வச்சது அப்படியே இருந்திருக்கு.

சத்தம் வரல. ரெண்டு மூணு விநாடியில ஒரு வாடை, பழைய மீனும் எரிஞ்ச ரப்பரும் சேர்ந்த மாதிரி. அந்த வாடை ரிப்பேர்க்காரன் எவனுக்கும் மறக்காது. அவன் என்னையே பார்த்துக்கிட்டு நின்னான், ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி ஆர்மோனியம் வச்சு ஒப்பேத்தினாங்க. கண்டென்சரையும் ஆடியோ ஐசியையும் மாத்திப் பார்த்தேன், மெயின் சிப்பு கிடைக்கல. செகண்ட் ஹேண்டுல வேற கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன். அவன் விரல் பழகினது அந்தப் பழையதுலதான்.

10 ஆகஸ்ட், காலை 6:40

ஆம்ப்ஸைப் பத்தி நேத்து சொல்லாம விட்டுட்டேன். நடு மைனஸா இருந்திருந்தாலும் அந்த ரவுட்டர் அடாப்டர் பத்தாது. கீபோர்டுக்கு 0.85 வரைக்கும் வேணும், அது தரக்கூடியது 0.6. மெதுவா வாசிக்கும்போது ஓடும். வால்யூமை ஏத்தி ரெண்டு கையாலயும் அழுத்தும்போது வோல்ட் இறங்கி, கீபோர்டு ஆஃபாகித் திரும்ப ஆனாகும். மேடையில அப்படி நடந்தா பிள்ளை பாவம்.

மேலூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார், கடையில 9 வோல்ட் 2 ஆம்ப்ஸ் கொடுக்கிறாங்க, 2 ஆம்ப்ஸ் உள்ள போய்ப் பொசுக்கிறாதான்னு. பொசுக்காது. வோல்ட்டை அடாப்டர் தள்ளுது, ஆம்ப்ஸை மிஷின் இழுக்குது. அண்டாவுல ஆயிரம் பேருக்குச் சோறு இருக்குங்கிறதுக்காக நம்ம இலையில வந்து கொட்டிற மாட்டாங்க, பசிக்குத் தக்கனதான் வாங்குவோம். அடாப்டர்ல இருக்கிற ஆம்ப்ஸ் அண்டா அளவு. கூடுதலா இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் மட்டும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

10 ஆகஸ்ட், மதியம் 1:30

ஸ்டிக்கர் அழிஞ்சுபோன கீபோர்டுக்கு வோல்ட் எப்படிக் கண்டுபிடிக்கன்னு வாடிப்பட்டியில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அடியில பேட்டரி மூடியைத் திறந்து எண்ணுங்கம்மா. ஒரு செல் 1.5 வோல்ட். ஆறு செல்லுன்னா 9, நாலுன்னா 6, எட்டுன்னா 12. அதுதான் அடாப்டர் வோல்ட்.

10 ஆகஸ்ட், இரவு 7:05

மதியம் எழுதினதை அப்படியே எடுத்துக்கிறாதீங்க. அது பல சாமானுக்குப் பொருந்தும், எல்லாத்துக்கும் இல்ல. சாப்பிட்டு உட்கார்ந்தப்புறம்தான் யமஹா ஞாபகம் வந்தது. அவங்களோட பிஎஸ்ஆர் சின்ன மாடல்கள் பலதுல ஆறு செல் போடணும், கணக்குப்படி 9. ஆனா அதுக்கு அடாப்டர் 12 வோல்ட், நடு பிளஸ். கேசியோவுலயே பின்னால வந்த சின்ன மாடல்களுக்கு ஆறு செல்லுதான், அடாப்டர் 9.5 வோல்ட், அதுவும் நடு பிளஸ், பின்னும் வேற, சன்னமானது. கேசியோன்னா நடு மைனஸ்னு யாராவது என் பேரைச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கிட்டா அதுவும் தப்பாயிரும்.

செல்லை எண்ணுறது ஒரு துப்பு, அவ்வளவுதான். அம்மா, கீபோர்டோட மாடல் நம்பர் அடியிலயோ முன்பக்கம் மூலையிலயோ இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்க, அந்த மாடல் கையேட்டைத் தேடிப் பார்த்துட்டு வாங்குவோம். அதுவரைக்கும் பேட்டரியில வாசிங்க, ஒரு குறையும் வராது.

11 ஆகஸ்ட், மதியம் 3:20

உசிலம்பட்டித் தம்பி மதுரைக்கு வந்து டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில 9 வோல்ட் 1 ஆம்ப்ஸ் வாங்கியிருக்கார். நடு மைனஸ்னு கேட்டுத்தான் வாங்கியிருக்கார், நல்லது. வீட்டுக்குப் போய் மீட்டர் வச்சா 13.2 காட்டுதாம். கடைக்காரர் ஏமாத்திட்டாரான்னு கேட்கிறார்.

கையில தூக்கிப் பாருங்க தம்பி. கனமா, கட்டிப் போட்ட கல்லு மாதிரி இருக்கா?

11 ஆகஸ்ட், மாலை 5:45

கனமா இருக்குன்னுட்டார். அப்ப உள்ள இருக்கிறது இரும்பு டிரான்ஸ்பார்மர். 230 வோல்ட்டை 9 வோல்ட் ஏசியா இறக்கி, நாலு டயோடுல நேராக்கி, ஒரு கண்டென்சர்ல நிரப்பி அனுப்புது. ஏசியில 9ங்கிறது ஒரு வகைச் சராசரிக் கணக்கு, உச்சி அதைவிட 1.414 மடங்கு, 12.7 வரும். டயோடு ரெண்டுல 1.4 கழிஞ்சா 11.3. இது பாரம் இல்லாதப்ப, அதாவது மிஷின் எதுவும் கரண்ட் இழுக்காதப்ப. பாரம் இல்லாத டிரான்ஸ்பார்மர் 9-க்கும் மேலேயே தள்ளும், நம்ம லைன்ல 240 வந்தா இன்னும் ஏறும். 13 காட்டுறது அப்படித்தான். பாரம் ஏற ஏற இறங்கி 9 பக்கம் வந்துரும். கடைக்காரர் ஏமாத்தல.

உங்க கீபோர்டோட வந்த அடாப்டர் கனமானதுன்னா மிஷினும் அந்த ஏத்த இறக்கத்தைத் தாங்குற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. மகள் வாசிக்கலாம்.

11 ஆகஸ்ட், இரவு 10:30

மாலையில எழுதினதுல பாதி விட்டுப்போச்சு, அந்தப் பாதிதான் முக்கியம். கனமான அடாப்டர் எல்லாத்துக்கும் ஆகாது. ரவுட்டர், ஃபைபர் இன்டர்நெட்டுக்கு வைக்கிற ஓஎன்டி பாக்ஸ், கேமரா மாதிரி இப்ப வர்ற சாமான்ல முகப்புல நிக்கிற கண்டென்சர் 16 வோல்ட் தாங்கும், சிலதுல 10 வோல்ட்தான் தாங்கும். அதோட உடம்புலயே அச்சடிச்சிருப்பாங்க. 10 வோல்ட் தாங்குற கண்டென்சருக்கு 9 வோல்ட்னு பேர் போட்ட பழைய எலிமினேட்டரைச் சொருகி 13 கொடுத்தா என்ன நடக்கும்னு முந்தா நாள் சொன்ன வாடையை நினைச்சுக்கங்க. அதுக்கெல்லாம் லேசான அடாப்டர், எஸ்எம்பிஎஸ்ங்கிறது. பாரம் இருந்தாலும் இல்லாட்டியும் மீட்டர்ல 9.1, 9.2ன்னு ஒரே இடத்துல நிக்கும்.

உங்க ஊர்ப் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கு. சாயங்காலம் பம்புசெட் எல்லாம் ஒண்ணா ஓடுற நேரம் லைன்ல 170, 180 தானே வருது? அப்ப டிரான்ஸ்பார்மர் அடாப்டரும் அதே விகிதத்துல இறங்கிரும். லேசானதுல உள்ளீடு 100-240னு போட்டிருந்தா 170-லயும் 9 கொடுக்கும். இப்ப யோசிக்கிறப்ப, உங்களுக்கே லேசானதா மாத்தி வாங்கச் சொல்லியிருக்கணும்னு தோணுது. கடையில மாத்திக் கொடுத்தா மாத்திருங்க. வாங்கும்போது ஐஎஸ்ஐ மாதிரி ஒரு முத்திரையும் அதுக்குக் கீழ ஆர்-னு தொடங்குற பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. ஒண்ணுமே அச்சடிக்காத வழவழ கறுப்புப் பெட்டி எவ்வளவு சல்லிசா வந்தாலும் வேண்டாம்.

12 ஆகஸ்ட், காலை 9:00

மீட்டர்ல நடு பிளஸா மைனஸான்னு பார்க்கிறது எப்படின்னு மூணு பேர் கேட்டாச்சு. டிசி 20 வோல்ட்ல வைங்க. பின் ஓட்டைக்குள்ள மீட்டர் முனை போகாது, தடிச்சிருக்கும். ஒரு ஊக்கை நிமித்தி ஓட்டைக்குள்ள விடுங்க, வெளிச்சுவர்ல படாம. ஊக்குல சிவப்பு, வெளி உலோகத்துல கறுப்பு. இதெல்லாம் வச்சு முடிச்சப்புறம் சுவிட்சைப் போடுங்க. வெறும் 9.1 வந்தா நடு பிளஸ். எண்ணுக்கு முன்னாடி ஒரு சின்னக் கோடு, −9.1 வந்தா நடு மைனஸ். அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாம போயிறக்கூடாது, கண்ணாடி போடுறவங்க போட்டுக்கிட்டுப் பாருங்க.

12 ஆகஸ்ட், மதியம் 12:10

அலங்காநல்லூர்க்காரருக்கு: பின் ஆடுது, ஒயரை ஒரு கோணத்துல பிடிச்சாத்தான் ஓடுதுன்னா உங்க அடாப்டர் ஓட்டை 2.5, மிஷினுக்குள்ள நிக்கிற ஊசி 2.1. வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். பேப்பரை மடிச்சுச் சொருகாதீங்க, தொட்டுத் தொட்டு விடுறதுல பொறி பறந்து உள்ள கருகும். பின்னை வெட்டி 2.1 பின் வாங்கிப் பத்தவைங்க. வெட்டுறதுக்கு முன்னாடி நடு பிளஸா மைனஸான்னும், வெட்டினப்புறம் எந்த ஒயர் பிளஸ்னும் மீட்டர்ல பார்த்துக்கங்க. ஒரு ஒயர்ல வெள்ளைக் கோடு இருக்கும், அதுதான் பிளஸ்னு பொதுவாச் சொல்லுவாங்க. அதை நம்பிப் பத்தவைக்காதீங்க.

13 ஆகஸ்ட், இரவு 8:40

உசிலம்பட்டித் தம்பி லேசானதா மாத்தி வாங்கிட்டார். கீபோர்டு நல்லா ஓடுது. இன்னிக்கு ஸ்கூல் ஆம்ப்ளிஃபயர்ல கொடுத்துப் பார்த்தப்ப கீபோர்டோட ஜாக் உலோகத்தைத் தொட்டா விரல்ல சுருக்குனு லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். பிள்ளை பயந்துட்டாளாம்.

ரெண்டு பின் வச்ச லேசான அடாப்டர்கள்ல இது உண்டு. உள்ள இரைச்சலை அடக்க ஏசி பக்கத்துக்கும் டிசி பக்கத்துக்கும் நடுவுல ஒய் கண்டென்சர்னு ஒண்ணு வைப்பாங்க. அது வழியாக் கசியுறதுதான். மீட்டர் வச்சா எர்த்துக்கும் ஜாக்குக்கும் நடுவுல 100 வோல்ட் பக்கம்கூடக் காட்டும், ஆனா ஓடுற கரண்ட் கால் மில்லி ஆம்புக்குள்ள இருக்கணும்னு வரம்பு. முறையாச் செஞ்ச அடாப்டர்ல ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆம்ப்ளிஃபயருக்கு மூணு பின் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இருந்தா, அதோட கேபிளைச் சேர்த்ததும் அந்தச் சுருக்கு நின்னுரும். சேர்த்தும் நிக்கலைன்னா ஸ்கூல் பிளக்குல எர்த் வரலைன்னு அர்த்தம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

சுருக்கு இல்லாம, கையை வெடுக்குனு இழுக்க வைக்கிற மாதிரி அடிச்சுதுன்னா அந்த அடாப்டரை அப்பவே கழட்டித் தூரப் போடுங்க. பிள்ளை தொடுற சாமான். ஈரக்காலோட மேடையில நிக்கவிடாதீங்க, செருப்பு போட்டுக்கட்டும்.

14 ஆகஸ்ட், காலை 7:15

பத்தாம் தேதி சொன்ன அண்டாக் கணக்கை ஒரு இடத்துல திருத்தணும். 2012-ல கரண்ட் கட்டு உச்சத்துல இருந்தப்ப வீட்டுக்கு வீடு எமர்ஜென்சி லைட்டு வாங்கினோமே, அதுமாதிரி சல்லிசான லைட்டு, டார்ச் சிலதுல சார்ஜைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்டே இருக்காது. கூட வந்த சின்ன அடாப்டரால அதுக்கு மேல தள்ள முடியாது, அந்த முடியாமைதான் கட்டுப்பாடு. அதுக்குப் போய் அதே வோல்ட்ல 2 ஆம்ப்ஸ் அடாப்டர் போட்டா உள்ள இருக்கிற பேட்டரி பசிக்கு மேல வாங்கிக்கும். சூடாகும், உப்பும். என் மதினி வீட்டு லைட்டு ஒண்ணு அப்படித்தான் வயிறு வீங்கிக் கிடந்தது. இந்த மாதிரிச் சாமானுக்கு ஆம்ப்ஸும் பழைய அடாப்டர்ல உள்ளபடியே இருக்கட்டும். கீபோர்டு, ரவுட்டர், ரேடியோவுக்கு அண்டாக் கணக்கு சரி.

இன்னொண்ணு. 9 வோல்ட் சாமானுக்கு 5 வோல்ட் போன் சார்ஜரைப் பின் மாத்திப் போடுறேன், குறைஞ்சாக் கெடாதேன்னு ஒருத்தர். பல சாமான் உயிரே வராது. உள்ள வோல்ட் மாத்துற சர்க்யூட் இருக்கிறது, குறைஞ்ச வோல்ட்டை ஈடுகட்ட ஆம்ப்ஸைக் கூட இழுக்கும், சூடு ஏறும். வேண்டாம்.

14 ஆகஸ்ட், காலை 7:30

சிம்மக்கல்காரர் வீட்டு ஆர்ஓ, தண்ணி சுத்தம் பண்ணுற மிஷினோட அடாப்டர்: 24 வோல்ட். பின்னு ஏறுதேன்னு அதை வேற எதுலயும் சொருகிறாதீங்க, வேற அடாப்டரை ஆர்ஓவுலயும் சொருகிறாதீங்க. இங்க பேசுற கீபோர்டு விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லாட்டியும் ஒரே பிளக் போர்டுல அதுவும் ரவுட்டரும் தொங்குதுன்னு படம் போட்டதால சொல்றேன்.

15 ஆகஸ்ட், மதியம் 2:00

பிள்ளை வாசிச்ச வீடியோவைப் பார்த்தேன் தம்பி. ஜன கண மன முழுசும் ஒரு இடத்துல அறுபடல. ரெண்டு தடவை பார்த்தேன். ஸ்டூலுக்குப் பக்கத்துல ஒயரை யாரும் தட்டாம ஓரமா ஒதுக்கி வச்சிருக்கீங்க, அதையும் கவனிச்சேன்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை. வெள்ளை பிளாஸ்டர் டேப் ரெண்டு துண்டு வெட்டுங்க. புது அடாப்டர்ல "கீபோர்டு, 9, நடு மைனஸ்"னு மார்க்கர்ல எழுதி ஒட்டுங்க. பழைய ரவுட்டர் அடாப்டர்லயும் "ரவுட்டர், 9, நடு பிளஸ்"னு எழுதி ஒட்டி, கீபோர்டு இருக்கிற அறையில வைக்காதீங்க. மச்சான் கையாலேயே ஒட்டச் சொல்லுங்க.